பூட்டுக்கு முன்னால் நிற்கும் கீபோர்டு

நம்பிக்கை: “வாட்ஸப்புல பூட்டு இருக்குண்ணா, நாம அடிக்கிறத எவனும் படிக்க முடியாது.”

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் ஆர்டர், விலை, வங்கிக் கணக்கு எண் எல்லாம் வாட்ஸப்பில்தான் போய்வருகின்றன. 2016 முதல் அதில் முழுப் பூட்டு உண்டு, சரிதான். ஆனால் அந்தப் பூட்டு விழுவது அனுப்பும் பொத்தானைத் தட்டிய பிறகு. அதற்கு முன்பே ஒவ்வோர் எழுத்தும் கீபோர்டின் கை வழியாக வந்துவிட்டது. கீபோர்டும் ஓர் ஆப்தான், அதற்கும் ஒரு முதலாளி உண்டு என்பதை நாம் நினைப்பதே இல்லை. பிடித்த நாயகனின் படம் பின்னணியில் தெரிகிறது என்பதற்காக ஊர் பேர் தெரியாத தீம் கீபோர்டை இறக்கிக்கொள்கிறோம்.

டெல் அவிவைச் சேர்ந்த ஏ.ஐ.டைப் என்ற கீபோர்டு நிறுவனத்தின் கதை 2017 டிசம்பரில் வெளியே வந்தது. கடவுச்சொல்கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த அதன் சர்வரில் 3 கோடியே 10 லட்சம் பேரின் விவரங்கள், 577 ஜிபி அளவுக்கு இருந்தன. பெயர், போன் எண், இருப்பிடம், போனில் சேமித்த தொடர்புகள் எல்லாம் அதில் அடக்கம். கீபோர்டில் அடித்த சொற்களும் இருந்தன. சிலரது மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டே கிடந்தன. இலவசப் பதிப்பு வைத்திருந்தவர்களிடம்தான் கூடுதலாக அள்ளியிருந்தார்கள்.

நம்பிக்கை: “அனுப்பாம அழிச்சிட்டா யாருக்குத் தெரியப்போகுது?”

அழித்தோம் என்பதே ஒரு தகவல். ஃபேஸ்புக் 2013இல் வெளியிட்ட ஆய்வு 39 லட்சம் பேரை 17 நாள் கவனித்தது. ஐந்து எழுத்துக்கு மேல் அடித்துவிட்டுப் பத்து நிமிடத்துக்குள் பதிவிடாமல் விட்டால் அது கணக்கில் சேரும். 71 சதவீதம் பேர் ஒருமுறையாவது அப்படிச் செய்திருந்தார்கள். என்ன எழுதினார்கள் என்பதைச் சேமிக்கவில்லை என்றார்கள். நம்பலாம். ஆனாலும் வாய்வரை வந்து விழுங்கிய பேச்சை இன்னொருவர் எண்ணி வைப்பது எனக்கு உறுத்துகிறது. இங்கே எண்ணியது கீபோர்டுகூட இல்லை, தளமே.

நம்பிக்கை: “ஓப்போ, விவோ வச்சிருந்தா எல்லாம் சீனாவுக்குப் போயிடும்.”

புரளிக்குப் பின்னால் ஒரு நிஜம் உண்டு. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப், ஓப்போ, விவோ உட்பட ஒன்பது நிறுவனங்களின் கீபோர்டுகளைச் சோதித்து 2024 ஏப்ரலில் முடிவை வெளியிட்டது. எட்டில் ஓட்டை இருந்தது. ஹுவாவே மட்டும் தப்பியது. வழியில் ஒட்டுக்கேட்பவரால், பயனர் அடித்ததைப் படித்துவிட முடிந்தது. ஆனால் அந்த ஓட்டைகள் இருந்தது சீன மொழியைப் பின்யின் முறையில் அடிக்கும் கீபோர்டுகளில். ஒலியை அடித்தால் எழுத்தைத் தேடித்தர அவை சர்வரைக் கேட்கும். கேட்கும் வழியில்தான் கசிவு. நம் கையிலிருக்கும் போனில் தமிழ் அடிப்பதை அந்த ஆய்வு தொடவே இல்லை.

நம்பிக்கை: “ஆண்ட்ராய்டே எச்சரிக்குது, அப்போ எல்லா கீபோர்டும் திருட்டுக் கீபோர்டு.”

கடவுச்சொல், கார்டு எண் உட்பட எல்லாவற்றையும் சேகரிக்கக்கூடும் என்ற அந்த வாசகம், புதிதாக எந்தக் கீபோர்டைச் சேர்த்தாலும் வரும். முடியும் என்கிறது, செய்கிறது என்று சொல்லவில்லை. கூகுளின் ஜிபோர்டு 2017இல் வேறு வழியைக் கையாளத் தொடங்கியது: எந்தப் பரிந்துரையை எடுத்தீர்கள் என்பதைப் போனிலேயே கற்று, கற்றதன் சுருக்கத்தை மட்டும் அனுப்புவது. அதுவும் போன் சும்மா சார்ஜில் கிடந்து, வைஃபையும் இருக்கும்போது.

யுபிஐ பின் பற்றிய பயத்தையும் விட்டுவிடலாம். அந்தக் கட்டம் யுபிஐயை நடத்தும் என்பிசிஐயின் சொந்த எண்பலகை. உங்கள் கீபோர்டு அங்கே வராது. ஆனால் ஓடிபியைக் கையால் அடித்தால் அது கீபோர்டு வழிதான்.

ஐபோனில் ‘முழு அணுகல்’ தராதவரை வெளியார் கீபோர்டால் இணையத்துக்குப் போக முடியாது; கடவுச்சொல் கட்டத்தில் ஆப்பிளின் கீபோர்டே வந்து நிற்கும். ஆண்ட்ராய்டில் இணைய அனுமதியை எந்த ஆப்பும் உங்களிடம் கேட்பதில்லை, தானாகக் கிடைத்துவிடும். பிளே ஸ்டோரில் அந்தக் கீபோர்டின் விவரப் பக்கத்தில் அனுமதிகள் பட்டியலைத் திறந்து, முழு நெட்வொர்க் அணுகல் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெலிபோர்டு போன்ற திறமூலக் கீபோர்டுகளில் அது கிடையாது. ஹெலிபோர்டில் தமிழும் அடிக்கலாம், நாயகன் படத்தையும் பின்னணியில் வைத்துக்கொள்ளலாம்.