கிணற்று நீரைக் காக்க: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் கூட்டு விளைவு

ஆரணி என்றவுடன் பட்டுச் சேலையும் அரிசியும் நினைவுக்கு வருகின்றன. பட்டு நூலுக்குச் சாயமேற்றவும் நெல்லைப் புழுக்கவும் நீர் வேண்டும். கழனிக்கும் அதே நீர்தான். ஜவ்வாது மலையில் தோன்றும் கமண்டல நாகநதி ஆரணி வழியாகச் சென்று செய்யாற்றில் கலக்கிறது. செய்யாறு பாலாற்றைச் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி இந்த ஆற்றில் மணல்தான் தெரியும். மணலுக்கு அடியில் நகரும் நீரே கரையோரக் கிணறுகளுக்கு ஊற்று. ஆகவே ஆற்றில் விடும் கழிவு கிணற்றுக்கும் வந்து சேரும் என்பதை உழவர்கள் மறக்கலாகாது.

மதிப்பீடு என்றால் என்ன?

ஒரு பெரிய ஆலையோ சுரங்கமோ தொழிற்பேட்டையோ வருமுன், அதனால் நீர், நிலம், காற்று, மக்கள் ஆகியவற்றுக்கு என்ன நேரும் என்று முன்கூட்டியே ஆராய்வது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு ஆகும். நம் நாட்டில் 1994 ஜனவரி 27-ல் வெளியான அறிவிக்கை இதைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. அதற்குப் பதிலாக 2006 செப்டம்பர் 14-ல் புதிய அறிவிக்கை வந்தது. இதன்படி திட்டத்தை வகைப்படுத்துதல், ஆய்வின் எல்லையை வரையறுத்தல், மக்கள் கருத்துக் கேட்பு, நிபுணர் குழுவின் பரிசீலனை என நான்கு படிகள் உள்ளன.

இவற்றுள் உழவர் அதிகம் கவனியாத படி இரண்டாவதுதான். எதை ஆராய்வது, எவ்வளவு தூரம் ஆராய்வது, எந்தப் பருவத்தில் ஆராய்வது என்பது அங்கேதான் முடிவாகிறது. எல்லைக்குள் வராத கிணறு அறிக்கையிலும் வராது.

தனித்தனியே சிறிது, சேர்ந்தால் பெரிது

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பட்டறை நாளொன்றுக்கு 5,000 லிட்டர் கழிவு நீரை வெளியேற்றுவதாகக் கொள்வோம். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்பு கரைந்திருந்தால் ஒரு நாளில் சேரும் உப்பு 10 கிலோ. இது பெரிதாகத் தோன்றாது. அதே ஆற்றோரம் 20 பட்டறைகள் இருந்தால் நாளொன்றுக்கு 200 கிலோ. 300 நாள் வேலை நடந்தால் 60 டன். ஒவ்வொரு பட்டறையையும் தனியாகச் சோதித்தால் குறை தெரியாது. கூட்டிப் பார்த்தால்தான் நிலைமை விளங்கும். இதுவே கூட்டு விளைவு.

இன்னொன்றையும் அறிதல் நன்று. ஆறு, ஓடைகளில் விடும் கழிவு நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது தமிழ்நாட்டில் வழங்கும் வரையறை. ஆனால் 2,000 மில்லிகிராமைத் தாண்டிய நீர் பாசனத்திற்குக் கடும் கட்டுப்பாட்டுக்கு உரியது என்று உலக உணவு வேளாண்மை நிறுவனம் வகுத்துள்ளது. ஆற்றில் நல்ல நீர் ஓடினால் உப்பு நீர்த்துப் போகும். நீரோட்டமற்ற ஆற்றில், வரையறைக்குள் அடங்கிய கழிவும் பயிருக்கு ஆகாத நீரே.

நொய்யலும் பாலாறும் கற்பித்த பாடம்

திருப்பூரில் பருத்தித் துணிக்குச் சாயமேற்ற உப்பு ஏராளமாகப் பயன்பட்டது. அங்கிருந்த சாயப்பட்டறைகள் பல நூறு, ஆறு ஒன்று. பாசனத்திற்காக நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1992-ல் பயனுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவு நீரை அறவே வெளியேற்றாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறைக்காரரும் தொழிலாளரும் உழவரும் ஆகிய மூவருமே நட்டமடைந்தனர்.

பாலாற்றின் மேற்பகுதியில் தோல் பதனிடும் ஆலைகளால் நேர்ந்ததும் இதுவே. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டதை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் முடிவு. எனினும் ஈட்டுத்தொகை கெட்ட மண்ணைத் திருப்பித் தருவதில்லை.

ஆரணிப் பகுதிக்கு இதன் பொருள்

பட்டுத் தொழிலின் கழிவு பருத்திச் சாயக்கழிவு போன்றதன்று. கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் கலந்த நீரில் வேகவைக்கும்போது, நூலின் எடையில் 20 முதல் 25 சதம் வரை உள்ள செரிசின் என்னும் பசை நீரில் இறங்குகிறது. இத்துடன் சாயமும் அமிலமும் சேர்கின்றன. நெல் ஊறவைத்த நீரிலும் அழுகும் பொருள்கள் மிகுதி. ஆகவே இங்கு உப்பை மட்டுமின்றி, அழுகும் பொருள்களின் அளவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சிறு சாயப்பட்டறைகள் 2006 அறிவிக்கையின் பட்டியலில் வருவதில்லை. அவற்றுக்கு 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். தோல் ஆலை, சுரங்கம், குறிப்பிட்ட வகைத் தொழிற்பேட்டை ஆகியவை பட்டியலில் உள்ளன. அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் பின்னர் வரும் ஆலைகளுக்குத் தனிக் கருத்துக் கேட்பு இல்லை என்ற விலக்கும் உண்டு. ஆதலால் பேட்டைக்கான கூட்டத்தைத் தவறவிடலாகாது.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை

1. கூட்டுத் தாக்கம் பற்றி விண்ணப்பப் படிவம் 1-ன் ஒன்பதாம் பகுதி கேட்கிறது. அதற்கு என்ன விடை எழுதியுள்ளனர்?

2. வழக்கமாக 10 கிலோமீட்டர் வட்டத்திற்குள் ஆய்வு நடக்கும். நீர் வட்டம் பார்த்து ஓடுவதில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதிக் கிராமங்களும் ஏரிகளும் சேர்க்கப்பட்டனவா?

3. ஏற்கனவே உள்ள ஆலைகளின் கழிவையும், வரவிருக்கும் ஆலைகளின் கழிவையும் கூட்டிப் பார்த்தனரா?

4. நீர் மாதிரி எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது? கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது நிலை என்ன?

5. ஆலைக்கு எடுக்கும் நிலத்தடி நீர், அக்கம்பக்கக் கிணறுகளின் ஊற்றைக் குறைக்குமா?

கருத்துக் கேட்புக்கு 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அதைப் பார்க்கலாம். பேசியவற்றின் குறிப்பைக் கூட்ட முடிவில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். கருத்தை எழுத்து மூலமும் அனுப்பலாம். சிறு பட்டறைகள் குறித்து உழவர் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கிராம சபையிலும் மனு கொடுக்கலாம்.

கையில் இருக்க வேண்டிய சான்று

நீர் கெட்டபின் சோதிப்பதால் பயன் குறைவு. நல்ல நிலையில் இருக்கும்போதே சோதித்து வைத்தால்தான் பின்னர் ஒப்பிட முடியும். ஆண்டுக்கு இருமுறை, வைகாசியிலும் தையிலும், மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பிறகு மாதிரி எடுக்கவும். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் அலசி, ஒரு லிட்டர் நிரப்பி மூடவும். தேதி, சர்வே எண், கிணற்றின் ஆழம் ஆகியவற்றை எழுதி ஒட்டி, தாமதமின்றி மண், நீர் பரிசோதனை நிலையத்தில் சேர்க்கவும். ஊரில் பத்துப் பேர் இவ்வாறு செய்து முடிவுகளை ஒரே நோட்டில் பதிந்து வருவது நலம். ஒரு கிணற்றின் கணக்கைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். பத்துக் கிணறுகளின் பல ஆண்டுக் கணக்கை அப்படித் தள்ள இயலாது.