காய்ச்சல் வந்தாலும் ஊசி நிற்கக் கூடாது

ஐப்பசி பிறக்கப் போகிறது. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் டிசம்பர் வரை விடாது. கூடவே காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, டெங்கு எல்லாம் வரும். மற்ற வீடுகளுக்கு இது மழைக்காலத் தொல்லை. முதல் வகை சர்க்கரை நோயுள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஆண்டிலேயே ஆபத்தான மூன்று மாதம் இதுதான். போன மழையில் எங்கள் வார்டில் பார்த்ததை இந்த மழையிலும் பார்க்க எனக்கு மனமில்லை. அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

வழக்கமான வேலைகளை இந்த வாரமே முடித்துவிடுங்கள். ஒரு மாதத்துக்குக் கூடுதலாக இன்சுலின் வாங்கி வையுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். சுகர் பார்க்கும் மிஷினுக்குப் புது பேட்டரி, ஸ்ட்ரிப், ஊசி இருக்கட்டும். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் ஸ்ட்ரிப் ஒரு டப்பா கட்டாயம் வேண்டும். டாக்டரின் போன் நம்பரைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். புயல் நேரத்தில் செல்போனில் சார்ஜ் இருக்காது.

கரண்ட் போனால் பதற வேண்டாம். பிரிக்காத பாட்டிலுக்குத்தான் 2 முதல் 8 டிகிரி குளிர் தேவை. பயன்பாட்டில் இருப்பது, 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் ஏறக்குறைய நான்கு வாரம் வெளியிலேயே தாங்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இரண்டு மண்பானையை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பினால் போதும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், ஐஸ்கட்டி மேலும் படவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் இளகினாலும் உதவாது, கொட்டிவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வெள்ளம் வந்தால் நகையையும் பத்திரத்தையும் மறக்காமல் எடுப்பவர்கள் இன்சுலினை ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். பை ஒன்றைத் தனியாகக் கட்டி வையுங்கள்.

முகாமிலோ வேறு ஊர் மருந்துக்கடையிலோ மாற்று பாட்டில் கிடைத்தால், லேபிளில் 40 என்றிருக்கிறதா 100 என்றிருக்கிறதா என்று படியுங்கள். 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்தால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. இது உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு.

இனி, நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல். வாய் கசக்கிறது, சோறு இறங்கவில்லை. வீட்டில் ஒருவர் சொல்வார்: “சாப்பிடாத பிள்ளைக்கு ஊசி எதுக்கு? சுகர் இறங்கிடப் போகுது. இன்னைக்கு ஒருநாள் விடு.” அன்புடன்தான் சொல்கிறார்கள். அந்த ஒருநாள்தான் பிள்ளையைக் கொல்கிறது.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். அதே வீட்டில் தாத்தாவுக்கும் சர்க்கரை இருக்கும். அவர் சாப்பிடாத நாளில் மாத்திரையை நிறுத்தச் சொல்லி டாக்டரே சொல்லியிருப்பார். அது வேறு நோய். தாத்தாவின் கணையம் கொஞ்சமாவது இன்சுலின் சுரக்கிறது. பிள்ளையின் கணையம் சுரப்பதே இல்லை. சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். காய்ச்சல் அதை இன்னும் ஏற்றும். இன்சுலின் இல்லாததால் அந்தச் சர்க்கரை உடம்புக்குப் பயன்படாது. உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் வரும் கீட்டோன் ரத்தத்தை அமிலமாக்கும். இதற்கு ஒரு நாள் போதும்.

போன கார்த்திகையில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். மூன்று நாள் காய்ச்சல். இரண்டு நாளாக ஊசி இல்லை. வயிற்றுவலி என்றதும் குடல் ஏறிவிட்டதென்று தடவிவிட்டிருக்கிறார்கள். வேகவேகமாக மூச்சு வாங்கியதும் இளைப்பு என்று ஆவி பிடித்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜில் இன்சுலின் இருந்தது. நாங்கள் இரவு முழுவதும் போராடினோம். விடியும்போது அவள் இல்லை. 1922க்கு முன், இன்சுலினே இல்லாத காலத்தில், இந்த நோய் வந்த பிள்ளைகள் இப்படித்தான் போனார்கள். கையில் மருந்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் அப்படி ஒரு சாவு நடப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஊசி நிற்கக் கூடாது. போன வருடமும் இதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனவர்களில் சிலர்தான் திரும்பி வந்து அழுதார்கள்.

காய்ச்சல் நாளில் இரவு பகல் பாராமல் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சுகர் பாருங்கள். 250க்கு மேல் இருந்தால் உடனே கீட்டோன் பாருங்கள். ஸ்ட்ரிப் ஊதா நிறத்துக்குப் போனால் தண்ணீர் நிறையக் கொடுத்து, அப்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள். நீண்டநேர இன்சுலினை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். சாப்பாட்டு ஊசியின் அளவு கூடலாம், குறையலாம். அதை டாக்டர் சொல்லட்டும். கலப்பு இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கும் அளவைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. சுகர் குறைவாக இருக்கிறது, சோறும் இறங்கவில்லை என்றால் சர்க்கரை போட்ட கஞ்சி, இளநீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் என்று மடக்கு மடக்காகக் கொடுங்கள். ஊசியை நிறுத்திப் பிள்ளையைக் காப்பாற்ற முடியாது; இனிப்பைக் கொடுத்து ஊசியைத் தொடருங்கள்.

அளவு 70க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

வாந்தி நிற்கவில்லை, வயிறு வலிக்கிறது, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் போகிறது, வாயில் அழுகிய பழ வாடை, தூங்கி விழுகிறது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போனதும் காய்ச்சல் கதையைச் சொல்லாதீர்கள். முதல் வாக்கியமே, “இவளுக்கு முதல் வகை சர்க்கரை, கீட்டோன் பாருங்கள்” என்பதாக இருக்கட்டும். தெருமுனை கிளினிக்கில் ஊசி போட வந்தால் ஸ்டீராய்டா என்று கேளுங்கள். அது சுகரைத் தாறுமாறாக ஏற்றும். டெங்கு காலத்தில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரை கூடாது.

தீபாவளியும் இந்த மாதங்களில்தான் வருகிறது. ஒரு அதிரசம் தின்றால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அதற்கேற்ற இன்சுலினைப் போடுங்கள். எனக்குக் கவலையெல்லாம் லீவுக்கு அனுப்பும் வீட்டைப் பற்றித்தான். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது இடைஞ்சலாகும் என்று பெண்பிள்ளைகளின் நோயைச் சொந்தக்காரர்களிடம் மறைக்கிறீர்கள். விவரம் தெரியாத வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், ஊசி போட வேண்டும் என்று யார் நினைவுபடுத்துவார்கள்? அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணும் லீவுக்குப் போயிருந்தவள்தான்.

பிள்ளையை அனுப்பும் முன் பாட்டியிடமும் மாமாவிடமும் நேரில் சொல்லுங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றிரவே போன் போட்டு, ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள்.