வயிற்றுக் கொழுப்பும் இரத்தம் கூறும் சான்றும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

கொழுப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது பருத்த உடலே. மெலிந்தவருக்குக் கொழுப்பு நோய் வராது என்பது நம் ஊர்ப்புறங்களில் இன்றும் உள்ள நம்பிக்கை. இந்நம்பிக்கை சரியன்று என்பதை உயிர்வேதியியல் செய்முறை வகுப்பில் படித்தேன். பின்னர் என் வீட்டிலேயே கண்டேன். இரண்டையும் இக்கட்டுரையில் சேர்த்துக் கூற விழைகிறேன்.

எங்கள் ஊர் அனுப்பம்பட்டு. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையில் மின்சார ரயில் நிற்கும் சிறிய ஊர். கிழக்கே சென்றால் பழவேற்காட்டு ஏரி. என் தாயார் ஏரிக்கரை ஏலத்தில் மடவை, இறால், நண்டு எடுத்து மீஞ்சூரில் விற்பவர். உயரம் 152 செ.மீ., எடை 50 கிலோ. எடையை உயரத்தின் (மீட்டரில்) இருமடியால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். அம்மாவுக்கு அது 21.6. இந்தியருக்கு 23க்குக் கீழ் இருந்தால் இயல்பு. ஊருக்கு வந்த ஒரு மருத்துவ முகாமில் எடை பார்த்து, "உங்களுக்கு ஒன்றும் வராது, போங்கள்" என்று சீட்டில் எழுதி அனுப்பிவிட்டார்கள். இரத்தம் எடுக்கவில்லை. வயிற்றை அளக்கவும் இல்லை.

அன்றிரவு தையல் நாடாவால் நான் அளந்தேன். அளக்கும் முறை இது: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் பார்க்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. 88 செ.மீ. வந்தது. இந்தியப் பெண்களுக்கு எல்லை 80, ஆண்களுக்கு 90.

"என்னைப் பார்த்தா கொழுப்புப் புடிச்சவ மாதிரியா இருக்கு?" என்று அம்மா சிரித்தார். கையும் காலும் குச்சி போலத்தான் இருந்தன. வயிறு மட்டும் முன்தள்ளியிருந்தது. அது பிள்ளை பெற்ற வயிறு என்பது அவர் முடிவு.

கொழுப்பின் அளவைவிட அது தங்கும் இடமே முக்கியம் என்பதை முதலில் எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டு மார்செய் நகர மருத்துவர் ழான் வாக். 1947ஆம் ஆண்டிலேயே மேலுடலில் சேரும் கொழுப்பையும் இடுப்புக்குக் கீழே சேரும் கொழுப்பையும் அவர் பிரித்துக் காட்டினார். முதல்வகையே நீரிழிவோடு உறவுடையது. நம் நாட்டில் இதை மக்கள் மனத்தில் பதியவைத்தது 2004இல் லான்செட் இதழில் வெளிவந்த ஒரு படம். பூனா கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் டாக்டர் யட்கினும் அருகருகே நிற்கும் படம் அது. இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே: 22.3. ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! எடைப்பொறிக்குத் தெரியாத செய்தி இது.

பூனாவை அடுத்த கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் யாஜ்னிக் குழுவினர் ஆராய்ந்தனர். சராசரிப் பிறப்பெடை 2.7 கிலோ, ஆங்கிலக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்தன. தோளெலும்பின் கீழுள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஆகவே 'மெலிந்த கொழுப்புடல்' என்பது நடுவயதில் சோற்றால் மட்டும் வருவதன்று. கருவறையிலேயே அதற்கு அடித்தளம் உண்டு. வறுமையில் பிறந்து வளர்ந்த என் அம்மா போன்றவர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இனி இரத்தத்துக்கு வருவோம். குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் போர்ட்டல் சிரை வழியே நேராகக் கல்லீரலை அடைகின்றன. தோலடிக் கொழுப்புக்கு இந்த நேர்வழி இல்லை. கல்லீரல் வந்த கொழுப்பை டிரைகிளிசரைடாக்கி, வி.எல்.டி.எல். என்னும் துகள்களில் ஏற்றி இரத்தத்தில் விடுகிறது. நாம் மிகுதியாக உண்ணும் மாவுப்பொருளும் கல்லீரலில் கொழுப்பாக மாறி இதே வண்டியில் ஏறுகிறது. இத்துகள்கள் தம் டிரைகிளிசரைடை எச்.டி.எல். துகளுக்குக் கொடுத்து, அதனிடமிருந்து கொலஸ்டிராலை வாங்கிக்கொள்கின்றன. இந்தப் பண்டமாற்றில் நட்டப்படுவது எச்.டி.எல். தான், டிரைகிளிசரைடு ஏறிய எச்.டி.எல். விரைவில் சிதைந்து மறைகிறது. எனவே டிரைகிளிசரைடு ஏறினால் எச்.டி.எல். இறங்கும். இவ்விரண்டும் சேர்ந்து காணப்படுவதே வயிற்றுக் கொழுப்பின் முதல் சான்று. அதோடு கல்லீரலும் தசையும் இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுக்கின்றன; கணையம் மேலும் மேலும் சுரக்கிறது; அது களைக்கும்போது சர்க்கரை ஏறுகிறது.

கொழுப்புத் திசு வெறும் பண்டகசாலை அன்று, ஒரு சுரப்பியும்கூட. 1994இல் ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்த லெப்டின், உடலில் மொத்தக் கொழுப்பு எவ்வளவு என்பதைப் பெரிதும் காட்டுகிறது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அறியப்பட்ட அடிப்போனெக்டின் விந்தையானது: கொழுப்புச் செல்லே சுரப்பது, ஆனால் வயிற்றுக் கொழுப்பு கூடக்கூட இது குறைகிறது. இவை பெரிய ஆய்வுக்கூடங்களில் பார்க்கப்படுபவை. கிராமத்துக்கு உதவுபவை மூன்றே: வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு, எச்.டி.எல்.

சி-ரியாக்டிவ் புரதத்தையும் சான்றாகக் கூறுவர். அழற்சியைக் காட்டும் அப்புரதம் வயிற்றுக் கொழுப்பில் சற்று ஏறும் என்பது மெய்யே. ஆனால் இறால் கொம்பும் கெளுத்தி முள்ளும் குத்தி, ஆண்டு முழுவதும் கையில் ஆறாத புண்ணோடு இருப்பவருக்கு அந்த எண்ணால் என்ன விளங்கும்? புண்ணாலும் அது ஏறுமே. அதுபோலவே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யும், இரும்புச்சத்துக் குறைந்த பெண்களுக்குச் சற்று உயர்த்திக் காட்டிவிடக்கூடும். நகரத்து அளவுகோலைக் கிராமத்தில் வைக்கும்போது இவற்றை மனத்தில் கொள்ள வேண்டும்.

அம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றது தனிக் கதை. பத்து, பன்னிரண்டு மணி நேரம் உண்ணாமல் வரவேண்டும் என்றார்கள். அம்மா எழுவது மூன்று மணி. ஏலத்துக்குப் போகுமுன் சர்க்கரை போட்ட தேநீர். முதல்நாள் பழக்கத்தில் குடித்துவிட்டார். மறுநாள் குடிக்கவில்லை; ஆனால் இரத்தம் எடுக்கும் இடம் திறப்பது ஏழரை மணிக்கு. அன்றைய ஏலம் போயிற்று, அன்றைய வருமானமும் போயிற்று. டிரைகிளிசரைடை உண்டபின்னும் பார்க்கலாம், அப்போது 175ஐ எல்லையாகக் கொள்ளலாம் என்று 2016இல் ஐரோப்பிய வல்லுநர்கள் கூறியுள்ளதை நான் பிறகுதான் படித்தேன்.

முடிவு வந்தது (டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்): மொத்தக் கொலஸ்டிரால் 178, டிரைகிளிசரைடு 236, எச்.டி.எல். 34, வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. மொத்தக் கொலஸ்டிரால் 200க்குக் கீழ் இருப்பதைப் பார்த்து எங்கள் தெருவில் எல்லாரும் "நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். 1972இல் ஃபிரீட்வால்டு தந்த சூத்திரப்படி கணக்கிட்டால் (மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க) கெட்ட கொலஸ்டிராலாகிய எல்.டி.எல். 97தான். ஆயினும் டிரைகிளிசரைடு 150ஐத் தாண்டிவிட்டது, எச்.டி.எல். பெண்களுக்கு 50 வேண்டும், 34தான் உள்ளது. சர்க்கரை 100ஐத் தாண்டிவிட்டது. இரத்த அழுத்தத்தையும் வயிற்றுச் சுற்றளவையும் சேர்த்து ஐந்தில் மூன்று பழுதானாலே வளர்சிதைமாற்றக் கூட்டுநோய் என்பர். அம்மாவுக்கு நான்கு. தனித்தனியே பார்த்தால் எதுவும் அச்சுறுத்தும் எண்ணன்று. சேர்த்துப் பார்த்தபோது எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

இது ஒரு வீட்டின் செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இண்டியாப்' ஆய்வின் முதல் கட்டத்தில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் நீரிழிவு 7.8 விழுக்காடு, நகரங்களில் 13.7 விழுக்காடு என்று 2011இல் வெளியிட்டார்கள். அதே ஆய்வில் தமிழ்நாட்டில் வயிற்றுப் பருமன் 26.6 விழுக்காட்டினருக்கு இருந்தது. 2023இல் வந்த நாடு தழுவிய முடிவில் வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காடு, பொதுப் பருமன் 28.6 விழுக்காடுதான். ஆகவே எடையை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்புபவர் ஏராளம்.

காரணம் தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. என் பாட்டி கூடையைத் தலையில் சுமந்து நடந்தார். அம்மா பங்கு ஆட்டோவில் போகிறார். பாட்டி காலத்தில் கேழ்வரகுக் கூழ். இப்போது மூன்று வேளையும் வெள்ளைச் சோறு. தீட்டிய அரிசி மிகுதியாக உண்பவர்களுக்கு வயிற்றுச் சுற்றளவும் டிரைகிளிசரைடும் கூடி, எச்.டி.எல். குறைந்திருப்பதைச் சென்னை நகரில் டாக்டர் மோகன் குழுவினர் 2009இல் காட்டியுள்ளனர். நியாயவிலைக் கடை அரிசியை நான் குறை கூறமாட்டேன். அதனால்தான் நான் பசியின்றிப் படித்தேன். மீன் பிடிக்கும் ஊரில் நல்ல மீனெல்லாம் விலைக்குப் போய், வீட்டுத் தட்டில் சோறு மிகுந்து மீன் குறைந்துபோனதுதான் என் வருத்தம்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மாத்திரை இப்போது வேண்டாம் என்றார். ஆறு குவளைத் தேநீர் இரண்டாயிற்று, சர்க்கரையின்றி. இரவுச் சோறு பாதியாகி, சுண்டலும் மீனும் கூடின. நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடை. நான்கு மாதம் கழித்துப் பார்த்ததில் டிரைகிளிசரைடு 168, எச்.டி.எல். 37, சர்க்கரை 101, வயிறு 85 செ.மீ. எடை குறைந்தது ஒரே ஒரு கிலோ. எச்.டி.எல். ஏறுவதுதான் மெத்தனமாக இருக்கிறது.

தையல் நாடா இப்போது என்னிடம் இல்லை. அம்மா அதை மீன் கூடையோடு ஏலத்துக்கு எடுத்துச் செல்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு 94 செ.மீ. வந்ததாம். வரும் சனிக்கிழமை தேநீர் குடிக்காமல் என்னோடு பொன்னேரிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.