பழைய ஸ்பீக்கர் பெட்டிக்கு மறுபடியும் மெருகு: வளைகுடா வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவின் பழைய சாமான் கடைகளில் பொறுமையாகத் தேடினால் 1970, 80களின் ஸ்பீக்கர்கள் அகப்படும். ஜேபிஎல், பயோனியர், மரப்பின்னல் முகப்பு வைத்த சான்சுயி என்று நல்ல பெயர்களே கிடைக்கலாம். பாட்டு நன்றாகவே கேட்கும். பெட்டியின் மேல் மரம்தான் வெளுத்து, உரிந்து, வளையம் விழுந்து கிடக்கும். வாங்கியதும் உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய மரத்தோலின், அதாவது வெனீரின், கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எவ்வளவு குறைவாகக் கை வைக்கிறோமோ, அவ்வளவுக்குப் பெட்டி பிழைக்கும்.

1. முதலில் அது மரம்தானா என்று பாருங்கள். ஒரே ரேகை, ஒரே முடிச்சு திரும்பத் திரும்ப வந்தால் அது மரம்போல அச்சடித்த வினைல் தாள். பின்பக்க விளிம்பில் நகத்தால் நெருடினாலும் தெரிந்துவிடும். வினைலுக்கு ஈரத்துணியும் துளி சோப்பும் போதும். எண்ணெய், தின்னர், இஸ்திரிப்பெட்டி எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது.

2. வேலைக்கு முன் வலைத்துணியையும் ஸ்பீக்கர் யூனிட்டுகளையும் கழற்றி வேறு அறையில் வையுங்கள். எந்த ஒயர் எங்கே என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வூஃபரைச் சுற்றி ஃபோம் வளையம் இருந்தால் அது இத்தனை ஆண்டுகளில் மக்கியிருக்கும், விரல் பட்டால் உதிரும். ஸ்டீல் ஊல் வேண்டவே வேண்டாம்: அதன் இரும்புத் துகளைக் காந்தம் இழுத்து வாய்ஸ் காயில் இடுக்குக்குள் கொண்டுபோய்விட்டால் ஸ்பீக்கர் கரகரக்கும். நைலான் பேட் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. சமையல் எண்ணெய்ப் பிசுக்கு, பகூர் புகை, சாம்பிராணிப் புகை மூன்றும் சேர்ந்து மரத்தின் மேல் பழுப்புப் படலமாகப் படிந்திருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி கலந்த நீரில் துணியை நனைத்து, இறுகப் பிழிந்து துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். மிச்சப் பிசுக்கை டர்பன்டைன் எடுக்கும். பாதிப் பெட்டிகள் இந்த ஒரு வேலையிலேயே பளிச்சென்று ஆகிவிடும். அப்படி ஆனால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிலிகான் கலந்த ஸ்பிரே பாலிஷ் வேண்டாம். பின்னால் எந்தப் பூச்சு அடித்தாலும் அது குழிகுழியாய் விலகும்.

4. பழைய பூச்சு எது என்று தெரியாமல் புதியதை அடிக்காதீர்கள். கண்ணில் படாத அடிப்பக்கத்தில் பஞ்சில் தொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வையுங்கள், பிசுபிசுத்தால் ஷெல்லாக். அதற்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை, வைத்த சொட்டு நீரும் மெல்ல உள்ளே இறங்கி மரம் கறுக்கிறது என்றால் எண்ணெய்ப் பூச்சு. 1970இல் வந்த ஜேபிஎல் எல்100 போன்ற வால்நட் பெட்டிகள் இந்த வகை.

5. எண்ணெய்ப் பூச்சுப் பெட்டிதான் நமக்கு வரம். டேனிஷ் ஆயில் அல்லது பாயில்டு லின்சீட் ஆயிலை ரேகையின் போக்கில் மெல்லத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே நிற்பதை முழுக்கத் துடைத்து எடுங்கள். மறுநாள் இன்னொரு கை. தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள்: அது காய்ந்து இறுகாது, பாலைவனத் தூசியை இழுத்துக்கொண்டு பிசுக்காகவே நிற்கும்.

6. லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டி ஒருபோதும் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடாகும். சுருண்ட துணிக்குள் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். இந்த ஊர் வெயிலில், அடுக்குமாடி பால்கனியில், இது விளையாட்டல்ல. விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

7. மேலே டம்ளர் வைத்த வெள்ளை வளையம் பெரும்பாலும் பூச்சுக்குள் மாட்டிய ஈரம்தான். வாஸ்லின் தடவி ஓர் இரவு விட்டுத் துடைத்துப் பாருங்கள். கறுப்பு வளையம் என்றால் நீர் மரம்வரை போய்விட்டது; அது எளிதில் போகாது.

8. வெனீர் உப்பிய இடத்தில் பருத்தித் துணி விரித்து, நீராவி இல்லாத மிதமான இஸ்திரிப்பெட்டியைச் சில நொடி வையுங்கள். பழைய பசை இளகினால், மேலே பலகையும் கனமும் வைத்து ஆறவிடுங்கள். இளகாவிட்டால், ரேகையோடு பிளேடால் மெல்லக் கீறி, மருந்துக்கடை சிரிஞ்சால் ஃபெவிகால் ஏற்றுங்கள். பிதுங்கும் பசையை ஈரத்துணியால் உடனே எடுத்து, பேக்கிங் பேப்பர் வைத்து, ஒரு நாள் கனம் ஏற்றி வையுங்கள். பேப்பர் வைக்க மறந்தால் பலகையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

9. அடிமூலை ஊதியிருந்தால் காரணம் தரை துடைக்கும் மாப். உள்ளே இருப்பது பார்ட்டிக்கிள் போர்டு. நீர் குடித்து ஊதினால் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பாது. நன்றாகக் காயவிட்டு, பசை ஏற்றி, இரு பலகைக்கு நடுவே கிளாம்ப்பில் இறுக்கினால் ஓரளவு அடங்கும். டைல்ஸ் தரையில் ஸ்டாண்ட் இல்லாமல் ஸ்பீக்கரை வைக்காதீர்கள்.

10. தேய்த்தே ஆக வேண்டுமென்றால் 240ஆம் நம்பருக்குக் குறையாத உப்புத்தாள், கையால் மட்டும், ரேகையோடு மட்டும். விளிம்பில் கை அழுந்த வேண்டாம், முதலில் ஓட்டை விழுவது அங்கேதான். மெஷின் கூடவே கூடாது.

11. நவம்பர் முதல் மார்ச் வரை வேலைக்கு நல்ல காலம், அதிலும் பனி விலகிய காலைக்குப் பிறகு. ஷமால் காற்று அடிக்கும் நாளில் ஈர லாக்கரில் மணல் ஒட்டிக்கொள்ளும். ஆகஸ்டில் ஏசி அறையிலிருந்து பெட்டியை நேராகப் பால்கனிக்குத் தூக்காதீர்கள்: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில்போல அதன் மேல் வேர்க்கும், அந்த ஈரத்தின் மேல் எந்தப் பூச்சும் வெண்ணிறமாய்ப் பூத்துவிடும்.

12. ஏசி காற்று நேரே படும் இடமும் மேற்கு ஜன்னலும் ஆகாது. வால்நட் வெயிலில் வெளுக்கும், தேக்கு நிறம் மாறும். ஜோடியில் ஒன்று மட்டும் வெயிலில் நின்றால் பிறகு இரண்டும் ஒருபோதும் ஒத்துப்போகாது.

13. ஊருக்குக் கார்கோவில் அனுப்புவதானால் எண்ணெய் முழுதாக இறுகிய பின்பே கட்டுங்கள். முதலில் பருத்தித் துணி, அதன் மேல்தான் பபிள் ராப். மரத்தில் நேரே சுற்றினால் கன்டெய்னர் சூட்டில் குமிழ்த் தடம் பதியும். பெட்டி பிரேசில் ரோஸ்வுட் என்று தெரிந்தால் அனுப்பும் முன் விசாரியுங்கள். அந்த மரம் 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சிட்டெஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது, எல்லை தாண்ட ஆவணம் கேட்பார்கள்.