வீடே பள்ளிக்கூடம்: சிங்கப்பூரில் லாபம், அன்னவாசலில் நஷ்டமா? ஒரு ஹோம்ஸ்கூலிங் கணக்கு



அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை பக்கம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். முன்னாடி அப்பா மட்டும் போவார், குடும்பம் ஊரில் இருக்கும். இப்போ டிகிரி முடிச்சு நல்ல சம்பளத்தில் போறவங்க குடும்பத்தையும் கூட்டிட்டுப் போறாங்க. அப்போ வர்ற முதல் கேள்வி: "பிள்ளையை எங்க படிக்க வைக்கிறது?" இரண்டாவது கேள்வி: "ஃபீஸ் இவ்வளவு சொல்றாங்களே, நாமளே வீட்டில் சொல்லிக் கொடுத்தா என்ன?"

இது நல்ல கேள்விதான். ஆனா நிறைய பேர் ஸ்கூல் ஃபீஸை மட்டும் கழிச்சுப் பார்த்துட்டு "மிச்சம்"னு முடிவு பண்ணிடறாங்க. இந்தப் பதிவில் நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: ஹோம்ஸ்கூலிங்குக்கு ஒரே விலை கிடையாது. அதே குடும்பம், அதே பிள்ளை, ஆனா ஊர் மாறினா விலையும் மாறும். வாங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கு. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமைன்னு சொல்லுது. ஆனா சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனைன்னு அதில் எதுவும் இல்லை. ஹோம்ஸ்கூலிங் பற்றித் தனியா விதியும் இல்லை. அந்த இடைவெளியில்தான் வீட்டில் படிக்க வைக்கிற குடும்பங்கள் இருக்காங்க.

சர்டிபிகேட்டுக்கு வழி இருக்கு. 1989-இல் தொடங்கின தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ், 14 வயது ஆனவங்களை 10-ஆம் வகுப்புக்கும், 15 ஆனவங்களை 12-ஆம் வகுப்புக்கும் சேர்த்துக்குது. வருஷத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு, 5 வருஷத்துக்குள் 9 வாய்ப்பு. தமிழ்நாட்டிலும் தனித்தேர்வர்களுக்கு 8-ஆம் வகுப்புத் தேர்வு இருக்கு. அதில் பாஸ் பண்ணினா 10-ஆம் வகுப்பைத் தனியா எழுதலாம்.

சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் அமலில் இருக்கு. அங்கே வீட்டில் படிக்க வைக்க அரசிடம் விலக்கு வாங்கணும், பிள்ளை 6-ஆம் வகுப்பு முடிவில் தேசியத் தேர்வு எழுதணும். ஆனா இது சிங்கப்பூர் குடிமக்களுக்கு. வேலை அனுமதியில் போன நம்ம ஆட்களின் பிள்ளைகளை இது கட்டுப்படுத்தாது.

கணக்கு 1: சிங்கப்பூரில்

ஒரு உதாரணக் குடும்பம். ஊர் அன்னவாசல். கணவருக்குச் சிங்கப்பூரில் மாசம் 6,500 டாலர் சம்பளம். மனைவி புதுக்கோட்டையில் ஒரு நிறுவனத்தில் 28,000 ரூபாய் வாங்கிட்டு இருந்தாங்க. மகளுக்கு 6 வயசு. இந்த எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டவை. உங்க எண்ணை நீங்க போட்டுக்கோங்க.

இங்கே சில உண்மைகள் தெரிஞ்சிருக்கணும்:

- குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக மாசச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் இருக்கணும். வொர்க் பெர்மிட்டில் இருக்கிறவங்களுக்கு இந்த வசதியே இல்லை.
- டிபெண்டன்ட் பாஸில் போற மனைவி, அந்தப் பாஸை மட்டும் வச்சு அங்கே வேலைக்குப் போக முடியாது. 2021 மே முதல் தனியா ஒரு வேலை அனுமதி வாங்கினாதான் முடியும்.
- அரசுப் பள்ளியில் 2-ஆம் வகுப்போ அதுக்கு மேலோ சேர்க்க ஏஇஐஎஸ்ன்னு ஒரு தேர்வு எழுதணும். பாஸ் ஆனாலும் இடம் இருந்தாதான் கிடைக்கும்.

அதனால பெரும்பாலும் மிஞ்சுவது தனியார் சர்வதேசப் பள்ளி. அங்கே மாசம் 900 டாலர் கேட்கிறாங்கன்னு வச்சுக்கோங்க. வருஷம் 10,800. வீட்டில் படிக்க வைக்க புத்தகம், ஆன்லைன் வகுப்பு, நீச்சல், நூலகம்னு மாசம் 200 டாலர், வருஷம் 2,400. மிச்சம் வருஷத்துக்கு 8,400. 5 வருஷத்துக்கு 42,000 டாலர். ஒரு டாலர் 65 ரூபாய்னு எடுத்தா 27,30,000 ரூபாய்.

"மனைவியோட 28,000 சம்பளம் போச்சே?" போச்சுதான். ஆனா அது குடும்பமா சிங்கப்பூர் போனதுக்கான விலை. மகளைப் பள்ளியில் சேர்த்திருந்தாலும் அந்தச் சம்பளம் வந்திருக்காது. அதனால அதை ஹோம்ஸ்கூலிங் தலையில் கட்டக் கூடாது.

இன்னொரு லாபமும் இருக்கு. வேலை போனா பாஸ் ரத்தாகும், வழக்கமா 30 நாளில் கிளம்ப வேண்டியிருக்கும். நடு வருஷத்தில் பள்ளி மாற்றுகிற தலைவலி வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு இல்லை.

ஆனா ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சிங்கப்பூரில் சிபிஎஃப் பிடித்தம் கிடையாது. நம்ம ஊர் பிஎஃப் மாதிரி எதுவும் தானா சேராது. அந்த 42,000 டாலரைச் சம்பளம் வந்த அன்னிக்கே ஒதுக்கினாதான் அது மிச்சம். இல்லைன்னா வாடகையிலும் வார இறுதி முஸ்தபா ஷாப்பிங்கிலும் கரைஞ்சிடும்.

கணக்கு 2: அன்னவாசலுக்குத் திரும்பின பிறகு

5 வருஷம் கழிச்சு குடும்பம் ஊருக்கு வருது. மகளுக்கு 11 வயசு. "வீட்டிலேயே நல்லா படிக்கிறா, அப்படியே தொடரலாமே"ன்னு தோணும். இங்கேதான் நிறைய பேர் பழைய கணக்கையே வச்சு முடிவு எடுக்கிறாங்க.

இப்போ மனைவி மறுபடி வேலைக்குப் போகலாம். அவங்க வீட்டில் இருந்து சொல்லிக் கொடுத்தா, விடுகிற சம்பளம் முழுக்க ஹோம்ஸ்கூலிங் செலவு:

- சம்பளம்: 28,000 × 60 மாசம் = 16,80,000
- கம்பெனி போடும் பிஎஃப் பங்கு, 15,000 அடிப்படைச் சம்பளத்துக்கு 12%: 1,800 × 60 = 1,08,000
- புத்தகம், வகுப்பு: 3,000 × 60 = 1,80,000

மொத்தம் 19,68,000 ரூபாய். சம்பள உயர்வை நான் சேர்க்கவே இல்லை.

மிச்சமாகிற ஃபீஸ் எவ்வளவு? தனியார் பள்ளி, வேன் எல்லாம் சேர்த்து வருஷம் 60,000 என்றால் 3,00,000. அரசுப் பள்ளின்னா மிச்சம் ஏறக்குறைய பூஜ்யம். ஏன்னா அங்கே புத்தகம், சீருடை, மதிய உணவு எல்லாம் ஏற்கெனவே இலவசம்.

அந்தச் சம்பளத்தில் மாசம் 15,000 எஸ்ஐபி போட்டு, வருஷம் 10% கிடைக்கும்னு வச்சா, 5 வருஷத்தில் சுமார் 11.6 லட்சம் ஆகியிருக்கும். 10% உத்தரவாதம் இல்லை, கணக்குக்காகத்தான். ஆனா பிள்ளையோட காலேஜ் நிதி எங்கே போகுதுன்னு இப்போ புரியும்.

6-ஆம் வகுப்பு என்கிற வாசல்

ரூபாயில் எழுத முடியாத செலவு ஒண்ணு இருக்கு. அதுதான் பெரிசு.

தமிழ்நாட்டில் 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் மாதிரி படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவங்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்குது. மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் கல்லூரியில் படிக்கும்போது மாசம் 1,000 ரூபாய். 4 வருஷப் படிப்புக்கு 48,000.

வீட்டில் படிச்ச பிள்ளைக்கு இது எதுவும் கிடையாது. என்ஐஓஎஸ் சர்டிபிகேட் இருந்தாலும் அது அரசுப் பள்ளியில் படிச்சதா ஆகாது.

கவனிச்சீங்களா? எல்லாமே 6-ஆம் வகுப்பிலிருந்துதான் எண்ணப்படுது. அதனால 1 முதல் 5 வரை வீட்டில் படிச்சுட்டு, 6-இல் அரசுப் பள்ளியில் சேர்ந்தா இந்தக் கதவுகள் திறந்தே இருக்கும். 7-இல் சேர்ந்தா ஒரு வருஷத்தில் மூடிடும்.

"பள்ளிக்கே போகாத பிள்ளையைச் சேர்த்துக்குவாங்களா?" கல்வி உரிமைச் சட்டத்திலேயே பதில் இருக்கு. 6 வயசுக்கு மேல் ஆகியும் பள்ளியில் சேராத பிள்ளையை வயசுக்கு ஏத்த வகுப்பில் சேர்க்கணும். டிசி இல்லை, வயசுச் சான்று இல்லைன்னு திருப்பி அனுப்பக் கூடாது. 14 வயசுக்குள் இந்த உரிமை இருக்கு.

பணம் மட்டும்தானா?

இல்லை. வீட்டில் படிக்கிறதோட நல்லது உண்மையானது. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கம், வருஷம் முழுக்கப் பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம், எப்போ வேணா மழை. காலையில் பாடம், மழை விட்டதும் பூங்கா, சாயங்காலம் நூலகத்தில் தமிழ்ப் புத்தகம்னு ஒரு ஒழுங்கு அமையும். அன்னவாசலில் சித்திரை வெயிலுக்கு வேற ஒழுங்கு: 6 மணிக்கு ஆரம்பிச்சு 10-க்குள் பாடம் முடியணும், அதுக்கப்புறம் வீட்டுக்குள்ளேதான்.

ஆனா இங்கே இருக்கிற வகுப்பறை எந்த சர்வதேசப் பள்ளியிலும் கிடைக்காது. பக்கத்திலேயே சித்தன்னவாசல்: சமணக் குகைக் கோயில், தாமரைக் குளம் ஓவியம், ஏழடிப்பட்டத்தில் கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டும். குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு. திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கின அருங்காட்சியகம். நல்ல சேதி என்னன்னா, இதுக்காகப் பள்ளியை விட வேண்டியதில்லை. சனி, ஞாயிறு போதும்.

இன்னொண்ணும் இந்த மாவட்டம் சொல்லிக் கொடுத்திருக்கு. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தப்போ, பள்ளிக்கே போகாத ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. பள்ளிக்கு வெளியே கத்துக்க முடியும்னு அது காட்டுச்சு. ஆனா அதுக்குப் பின்னால் ஊர் ஊரா தொண்டர்கள் இருந்தாங்க, மாவட்ட நிர்வாகம் இருந்தது. ஒரே ஒரு அம்மா தனியா சமையல், மாமியார் மருந்து, கணக்குப் பாடம் எல்லாத்தையும் 10 வருஷம் இழுப்பது வேற கதை. அம்மாதான் வேலையை விடணும்னும் எந்தச் சட்டமும் இல்லை. யார் சம்பளம் குறைவு, யாருக்கு வீட்டிலிருந்து வேலை செய்ய முடியும்னு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்க. வீட்டிலிருந்தே மாசம் 12,000 வந்தா, அந்த 16.8 லட்சத்தில் 7.2 லட்சம் திரும்ப வந்துடும்.

வேலையை விடுறதுக்கு முன்னாடி 4 விஷயம்

1. பிஎஃப்-ஐ அவசரப்பட்டு எடுக்காதீங்க. பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும். 6 வருஷம் ஆகியிருந்தா பென்ஷன் பணத்தை எடுக்காம ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைங்க. பின்னாடி வேலைக்குப் போனா இந்த 6 வருஷமும் சேரும். பிஎஃப் பணத்துக்கு வட்டி தொடரும், ஆனா வேலையை விட்ட பிறகு சேர்ற வட்டிக்கு வரி உண்டு.

2. இன்ஷூரன்ஸ். ஒரே சம்பளம்னா அந்தச் சம்பளக்காரர் பெயரில் டெர்ம் பாலிசி கட்டாயம். கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோட முடிஞ்சிடும். குடும்பத்துக்குத் தனி பாலிசி முதல்லயே எடுங்க.

3. அவசர நிதி. ஒரே சம்பளக் குடும்பத்துக்கு 3 மாசம் பத்தாது. குறைந்தது 9 மாசச் செலவு, வெளிநாட்டில் இருந்தா திரும்பி வர டிக்கெட் காசும் சேர்த்து.

4. வரி. பழைய வரி முறையில் கழிக்கிற டியூஷன் ஃபீஸ், இந்தியாவில் பள்ளி, கல்லூரிக்குக் கட்டினாதான் செல்லும். வீட்டுப் பாடப் புத்தகத்துக்கும் ஆன்லைன் வகுப்புக்கும் கிடையாது. புதிய முறையில் அந்தச் சலுகையே இல்லை. என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு வரி இல்லாதது வெளிநாட்டில் வசிக்கிற வரைக்கும்தான். ஊரோடு வந்துட்டா பேங்கில் சொல்லிக் கணக்கை மாத்திடுங்க.

என் தீர்ப்பு

வெளிநாட்டில், ஒருவருக்கு வேலை அனுமதி இல்லாத நிலையில், 5-ஆம் வகுப்பு வரை வீட்டில் படிக்க வைப்பது பணக் கணக்கில் சரியாகவே வருது. ஊருக்குத் திரும்பின பிறகு 6-ஆம் வகுப்பு வாசலில் மறுபடியும் ஒரு முறை முழுக் கணக்கையும் போடுங்க. அங்கே சரியா இருந்தது இங்கேயும் சரியா இருக்கணும்னு இல்லை.

இன்னிக்கு ராத்திரி ஒரு பேப்பரை எடுத்து மூணு வரி எழுதுங்க: விடப் போகிற சம்பளம் எவ்வளவு, மிச்சமாகும் ஃபீஸ் எவ்வளவு, பிள்ளை 6-ஆம் வகுப்புக்கு வர்ற வருஷம் எது. முதல் இரண்டும் உங்க பணம். மூணாவது உங்க பிள்ளையோட வாய்ப்பு. அந்த வருஷத்தைக் காலண்டரில் வட்டம் போட்டு வச்சுட்டுத்தான் முடிவு எடுக்கணும்.