விண்ணுக்கு வில் வளைப்போம்

மார்கழி பிறந்து வாடைக்காற்று நிலைத்துவிட்டால் இரவிரவாக விண் கூவும் ஊர்கள் எமது ஊர்கள். பட்டத்தின் தலைப்பக்கம் கட்டும் வில்லும், அதில் இழுத்துப் பூட்டிய நாடாவும் சேர்ந்ததே விண். காற்றில் நாடா படபடக்கிறது. அந்தத் துடிப்பே கூவலாகிறது. நாடா எதுவாக இருந்தாலும் வில் சரியில்லாவிட்டால் விண் கூவாது.

சென்ற ஆண்டு எமது வளவில் ஏற்றிய படலம் ஒன்றின் வில் நடுவானில் முறிந்தது. ஒரு பக்கம் பாரம் இழுக்க, பட்டம் சுழன்று வந்து மின்கம்பியில் விழுந்தது. நூல் ஈரமாக இல்லாதது எமது நல்ல காலம். அந்த வில்லைச் சீவியவன் நானே. முறிந்த இடத்தைப் பார்த்தபோது பிழை விளங்கியது: நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி அளவுக்கு மேல் மெலிய விட்டிருந்தேன். முழு வளைவும் அந்த ஓரிடத்திலேயே விழுந்துவிட்டது.

இனி மரத்தைப் பார்ப்போம். கமுகு நல்லதுதான், ஆனால் தீவுகளில் அரிது. எம்மிடம் இருப்பது பனை. விண்ணுக்காகப் பனை தறிக்க வேண்டியதில்லை. 1990 இல் வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது கைவிடப்பட்டுப் பின் இடிந்துபோன வீடுகளின் பனஞ்சலாகைகள் இன்னமும் சில வளவுகளில் கிடக்கின்றன. அவற்றை அடுப்பில் வைப்பது பெரிய நட்டம். உரியவரிடம் கேட்டு எடுங்கள். பனையில் வைரம் வெளிப்புறத்திலேயே இருக்கும். உள்ளே போகப்போகச் சோற்றிதான். கறுப்பு நார் நெருக்கமாக ஓடும் பக்கத்தை மாத்திரம் பிளந்தெடுங்கள். நார் நுனிவரை நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடி விளிம்பில் வெளியேறும் நார் உள்ள துண்டு அந்த இடத்தில் கிழியும்.

தனிச்சலாகை போதாதவர்கள் இரண்டு மெல்லிய பட்டைகளை ஒட்டிச் செய்யலாம். இதில் ஒரு கணக்கு உண்டு. ஒரே தடிப்புள்ள இரு பட்டைகளை ஒட்டாமல் அடுக்கினால் விறைப்பு இரண்டு மடங்குதான். நன்றாக ஒட்டினால் எட்டு மடங்கு. ஒட்டாதவை வளையும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், பசை அதைத் தடுக்கிறது. இதே கணக்கின்படி தடிப்பைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். எனது வில் முறிந்த கதை இதுதான்.

ஒட்டுமுகங்களை அரத்தால் சற்றுச் சொரசொரப்பாக்கி, தூசி துடைத்து, பசை பூசுங்கள். வளைந்த பலகை ஒன்றின்மேல் வைத்துப் பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி, இடைவெளியின்றி இறுக்கிச் சுற்றுங்கள். கறுப்பு வைரம் கூடிய பட்டை வளைவின் வெளிப்புறம் வரவேண்டும். இழுவை அங்கேதான் அதிகம். ஒரு நாள் முழுக்கக் கையைத் தொடாதீர்கள். எண்ணெய் பூசுவதென்றால் ஒட்டிக் காய்ந்த பிறகே.

பின்னர் நடுவைத் தடிப்பாக விட்டு, இரு நுனிக்கும் படிப்படியாக மெலிய விடுங்கள். கத்தியைவிட உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவது நல்லது. கையில் துணி சுற்றுங்கள். பனஞ்சிராம்பு ஏறினால் இலேசில் வராது. அடிக்கடி நூல் கட்டி மெல்ல வளைத்து, வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் வளைய மறுக்கிறதோ அந்தப் பக்கத்தையே சுரண்ட வேண்டும். வளைகிற பக்கத்தைத் தொடவே கூடாது. நடுவை விரலில் வைத்தால் சமநிலையில் நிற்க வேண்டும்.

நாடா முறுக்கின்றித் தட்டையாக இருக்கட்டும். இறுக்கினால் குரல் உயரும்; தளர்த்தினால் தாழும்.

பெரிய விண்ணுக்கு ஆசைப்பட்டுப் பட்டத்தையும் பெருப்பிப்பவர்கள் 2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் நடந்ததை நினைக்க வேண்டும். பலர் பிடித்த பட்டக்கயிற்றோடு ஒருவர் மேலே தூக்கப்பட்டு, விழுந்து உயிர்தப்பினார். கயிற்றை முதலில் ஒரு மரத்திலோ கட்டையிலோ கட்டுங்கள். சிறுவர் கையில் சுற்றிப் பிடிக்க விடாதீர்கள். மின்கம்பி இல்லாத வெளிக்கே போங்கள்.

பொங்கல் முடிந்து பட்டத்தை இறக்கியதும் நாடாவை ஒரு நுனியில் கழற்றிவிட்டு வில்லைப் பரணில் நேராகப் படுக்க வையுங்கள். பூட்டியபடியே விட்டால் அடுத்த மார்கழிக்குள் வில் வளைந்தபடியே நின்றுவிடும்.