கார் ஸ்டீரியோ: முன்பக்கத் திரையும் பின்பக்க வயரும்

காரோடு வந்த செட்டில் பாட்டு சகிக்கவில்லை என்று மாற்றக் கிளம்புகிறவருக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. ஷோரூமில் ஒன்று சொல்வார்கள், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடையில் வேறொன்று சொல்வார்கள். கடைசியில் பலரும் பெரிய திரை வைத்த, பெயர் கேள்விப்படாத புது செட் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அதே பணத்துக்கு, சில வருடம் ஓடிய நல்ல கம்பெனி செட் அதைவிட நன்றாகப் பாடும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதை வாங்கவிடாமல் தடுக்கிற நம்பிக்கைகளும், வாங்கி மாட்டிய பிறகு கெடுக்கிற நம்பிக்கைகளும் நிறைய உண்டு.

"ஒரு ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ், மொத்தம் 200 வாட்ஸ் சார்!"

இந்த 50 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். இன்ஜின் ஓடும்போது காரின் மின்சார லைனில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். ஸ்பீக்கரின் தடை பொதுவாக 4 ஓம். 14.4-ஐ அதே 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8. அட்டைப்பெட்டியில் அச்சாகியிருப்பது அதுதான். ஆனால் இந்தக் கணக்கு, ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி அலை மேலும் கீழும் முழுக்கத் தட்டையாக வெட்டுப்பட்டால்தான் பொருந்தும். அப்போது காதில் விழுவது பாட்டாக இருக்காது, கரகரப்பாக இருக்கும். அலை சிதையாமல் போக வேண்டுமென்றால் அதில் பாதி, 26 வாட்ஸ்தான் எல்லை. செட்டுக்குள் ஆகும் இழப்பையும் கழித்தால் இருபதை ஒட்டி நிற்கும்.

சந்தேகம் இருந்தால் செட்டைத் திருப்பிப் பாருங்கள். பல செட்டுகளின் பின்பக்கத்தில் சிவப்பு நிறத்தில் 10 ஆம்பியர் ஃபியூஸ் செருகியிருக்கும். 14.4 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 144 வாட்ஸ்தான். அதிலிருந்து 200 வாட்ஸை யாராலும் தொடர்ந்து வெளியே எடுக்க முடியாது. சாதாரண செட்டுகளுக்கெல்லாம் இதே கணக்குத்தான், விலை என்னவாக இருந்தாலும். ஆகவே வாட்ஸ் கணக்கை வைத்து ஒரு செட்டை இன்னொன்றைவிட உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. விவரத் தாளில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

"பழைய மாடல் புதுசுக்கு ஈடாகுமா?"

ஒலியைப் பொறுத்தவரை, பல சமயம் புதுசுதான் பழசுக்கு ஈடாவதில்லை. பயனியர் டிஇஎச்-80பிஆர்எஸ் என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். சிடி போடும் வாய், சின்ன டிஸ்ப்ளே, ஒரு குமிழ். பார்க்க ஒன்றுமே இருக்காது. ஆனால் ஆம்ப்ளிஃபையருக்கு மூன்று ஜோடி 5 வோல்ட் அவுட்புட், 16 பட்டை ஈக்வலைசர், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக நேரம் சரிசெய்யும் வசதி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மலிவான பெரிய திரை செட்டுகளில் இவை கிடைப்பது அரிது.

நேரம் சரிசெய்வது எதற்கு? நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். வலக் கதவு ஸ்பீக்கர் காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, இடக் கதவு ஸ்பீக்கர் அதைவிடச் சுமார் 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்பதால், அந்த 70 சென்டிமீட்டருக்கு 2 மில்லி செகண்ட் பிடிக்கும். அவ்வளவு சின்னத் தாமதமும் காதுக்குத் தெரியும்: பாடகரின் குரல் வலக் கதவிலிருந்தே வருவதுபோல இருக்கும். பக்கத்து ஸ்பீக்கரின் ஒலியை அந்த 2 மில்லி செகண்ட் நிறுத்தி அனுப்பினால் குரல் டாஷ்போர்டுக்கு நடுவில் வந்து நிற்கும். இதை ஒருமுறை கேட்டவர்கள் பிறகு வாட்ஸ் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொன்று, ஹை பாஸ் ஃபில்டர். கதவு ஸ்பீக்கர்கள் சிறியவை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை அவற்றுக்கு அனுப்பினால் தவித்து, குரலையும் சேர்த்துக் கெடுக்கும். ஃபில்டரை 80-இல் வைத்தால் அதே ஸ்பீக்கரில் குரல் தெளிந்துவிடும். கம்பெனி ஸ்பீக்கர் உடனே மாற்ற வேண்டிய குப்பை என்று முடிவு செய்வதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

பழசில் தேய்கிற பாகங்களும் உண்டுதான். சிடியைப் படிக்கும் லேசர், வால்யூம் குமிழ், கழற்றி மாட்டும் முகப்பின் பின்னால் உள்ள பித்தளை முனைகள் ஆகியவற்றைக் கடையிலேயே சோதித்துவிடலாம். குமிழை மெதுவாகத் திருப்பும்போது எண் ஏறாமல் குதித்துக் குதித்து இறங்கினால் வேறு செட் கேளுங்கள்.

"வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றினால் முடிந்தது"

செகண்ட் ஹேண்ட் செட்டின் மேல் விழும் பழியில் பெரும்பகுதி உண்மையில் இந்த டேப்புக்குப் போக வேண்டியது. நம் வெயிலில் டாஷ்போர்டுக்குள் இருக்கும் டேப்பின் பசை உருகி, சுற்று தளர்ந்து, செம்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும். அது எங்கே உரசினாலும் ஃபியூஸ் போகும். உங்கள் காருக்கும் அந்த செட்டுக்கும் பொருந்தும் கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கம்பெனி வயரில் கத்தி படவே தேவையில்லை. வாரண்டியில் உள்ள வண்டியில் வயரை வெட்டிவிட்டால், பிறகு எந்த எலெக்ட்ரிகல் கோளாறுக்கும் சர்வீஸ் சென்டரில் அதையே காரணம் காட்டக்கூடும்.

செட்டிலிருந்து வரும் மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட் வேண்டும், நினைவைக் காப்பதற்காக. சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும் வர வேண்டும். இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் சாவியை எடுத்தாலும் செட் அணையாது. மறந்துவிட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது, "பழைய செட் பாட்டரியைக் குடித்துவிட்டது" என்று பேச்சு கிளம்பும். இரண்டும் இடம் மாறினால், ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும் கடிகாரமும் ஸ்டேஷன்களும் அழிந்துபோகும். சில ஃபோக்ஸ்வாகன் கார்களின் கப்ளரில் இந்த இரண்டும் இடம் மாறித்தான் இருக்கும். மல்டிமீட்டரை வைத்துப் பார்க்காமல் மாட்டுகிற எலெக்ட்ரீஷியனை நான் நம்பமாட்டேன்.

எஃப்எம் இழுக்கவில்லையென்றால் நீல வயரைக் கவனியுங்கள். பல கார்களில் ஆன்டெனாவுக்குள் சின்ன ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது, அதற்குச் செட்டிலிருந்து மின்சாரம் போக வேண்டும்.

"ஸ்பீக்கருக்குப் பிளஸ் மைனஸ் எப்படிக் கொடுத்தாலும் பாடும்"

பாடும், ஆனால் பாஸ் இருக்காது. ஒரு ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளும் நேரத்தில் மற்றது உள்ளே இழுத்தால், கீழ் ஸ்தாயி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். உடனே "பழைய செட்டில் பாஸ் இல்லை" என்று சப்வூஃபர் விற்கப் பார்ப்பார்கள். கதவுப் பலகையைக் கழற்றி, ஸ்பீக்கர் வயரைச் செட்டிலிருந்து பிரித்து, கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல்லை ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும். கூம்பு வெளியே வந்தால் செல்லின் பிளஸ் தொட்ட வயர்தான் ஸ்பீக்கரின் பிளஸ்.

"எந்தக் காரிலும் எதையும் மாட்டலாம்"

முடியாது. ஏசி, ரிவர்ஸ் கேமரா, வண்டியின் செட்டிங் எல்லாம் ஒரே திரையில் வரும் புதிய கார்களில் கம்பெனி செட்டைத் தொடாமல், அதற்குப் பின்னால் ஒரு நல்ல ஆம்ப்ளிஃபையர் வைப்பதே சரி.

"ஜப்பான் செட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்"

தரம் நன்றாகவே இருக்கும். ஆனால் ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த செட்டின் எஃப்எம் 76-இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸோடு, சமீபத்தியவற்றில் 95-ஓடு, நின்றுவிடும். சென்னையில் 98.3-உம் 106.4-உம் அதில் வராது. ஜப்பானிலிருந்து பழைய கார்களை இறக்குமதி செய்யும் இலங்கையில் இந்தத் தொல்லை எல்லாருக்கும் தெரிந்தது. அலைவரிசையை இறக்கித் தரும் சின்னப் பெட்டியை ஆன்டெனாவுக்கு நடுவே வைத்துச் சமாளிக்கிறார்கள். சில டொயோட்டா செட்டுகளில் பாட்டரியைக் கழற்றி மாட்டினால், திரை ஜப்பானிய எழுத்தில் மேப் அட்டையையும் ரகசியக் கோடு எண்ணையும் கேட்டுப் பூட்டிக்கொள்ளும்.

இந்தக் கோடு விஷயம் ஜப்பானோடு முடியவில்லை. வேறு காரிலிருந்து கழற்றிய டாப் வேரியன்ட் ஒரிஜினல் செட்டுகள் பலவற்றிலும் திருட்டுத் தடுப்புக் கோடு உண்டு. ஆடி கார்களில் செட்டையே குறிப்பிட்ட காரோடு இணைத்துப் பூட்டியிருப்பார்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளிலோ வேறெங்கோ வாங்கும்போது, அங்கேயே ஒரு 12 வோல்ட் பாட்டரியில் மாட்டி உயிர் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு கேட்டால் கோடை வாங்குங்கள், சீரியல் எண் எழுதிய பில்லையும் வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ நேர்மையற்ற எண்ணத்தோடு வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு வாங்கியவர் மேலும் பாயும். கோடும் தராமல், பில்லும் தராமல், சீரியல் எண்ணைச் சுரண்டி வைத்திருக்கும் செட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.